நாற்பத்தேழாம் ஆணி

மலாயாவில், ரந்தாவ் ஊருக்கு அப்பால், இன்று செம்பனை மட்டுமே நிற்கும் மேட்டு நிலத்தில், நான் பிறந்த இரப்பர்த் தோட்டம் இருந்தது. அதன் பால்கொட்டகைச் சுவரில் ஆளுயர மரப்பலகை ஒன்று தொங்கியது. பலகை நிறைய, வரிசை வரிசையாக, இருநூறுக்கு மேற்பட்ட ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்கும் கீழே வெள்ளைச் சாயத்தில் ஓர் எண். ஒவ்வோர் ஆணியிலும் அதே எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், ஆட்கள் தத்தம் வில்லையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் வடிக்க, போகவேண்டும். பாலைக் கொண்டுவந்து ஊற்றியபின், அதை அதே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் லயத்து வரிசைவீடுகளுக்குத் திரும்பவேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறெந்தத் தோட்டத்திலும் இல்லாத இவ்வழக்கத்தைக் கொண்டுவந்தவர், புதிதாக வந்திருந்த பெரிய துரை.

ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. வேலைக்கு மட்டம் போடுகிறவனைப் பிடிப்பதற்கான பொறி அது என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை.

"எங்க நாயிக்கு லைசன்ஸ் கழுத்துல தொங்குது, எனக்கு மடியில தொங்குது. அவ்வளவுதான்லா வித்தியாசம்" என்பாள், பக்கத்து வீட்டிலிருந்த என் சின்னம்மா.

"நாய் பரவால்ல. அது பாட்டுக்குத் தொலைஞ்சி போகலாம்" என்பாள் அம்மா. அம்மாவின் எண் நாற்பத்தேழு.

துரை வேல்சு நாட்டவர். நிலக்கரி வெட்டும் ஓர் ஊரிலிருந்து வந்தவர். அவ்வூரின் பெயரை அவர் எங்கள் பள்ளிக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினார். மெய்யெழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்ற அந்தப் பெயரைத் தமிழில் எழுத நான் துணியவில்லை. எழுதினாலும் எவர் நாவிலும் நில்லாது. ஆனால் அன்றே அதை எழுத்துப் பிசகாமல் என் சிலேட்டில் பார்த்தெழுதினேன். கையெழுத்து எனக்கு வசப்பட்ட கலை.

அவர் தோட்டத்துக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவருடைய தமிழ், வா, போ, வெட்டு என்பதோடு நின்றது. மலாய் சற்று மேல். ஆகவே பள்ளியில் அவர் பேசியதை அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார்தான் மொழிபெயர்த்தார். துரை நெடுநேரம் பேசினார். கையைத் தாழ்த்திக் கூண்டு ஒன்று நிலத்துக்குள் இறங்குவதுபோல் காட்டினார். முகத்தில் எதையோ பூசிக்கொள்வதுபோல் காட்டினார். ஓரிடத்தில் பாடவும் செய்தார். கிராணியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"தொரையோட அப்பாவுக்குச் சொந்தமா கரிச் சுரங்கம் இருந்துச்சி, பிள்ளைங்களா. அந்த ஊர்ல எல்லாரும் நல்லாப் பாடுவாங்க. கைத்தட்டுங்க."

நாங்கள் கைத்தட்டினோம். துரை சற்றே குழம்பினார். சுரங்க முதலாளியின் மகன் வில்லை மாட்டி ஆளைக் கணக்கெடுப்பதில் வியப்பில்லை என்று அன்று மாலைக்குள் லயம் முழுவதும் தெளிவடைந்தது.

எனக்கு ஒன்பது வயதானபோது பள்ளியின் பரிசளிப்பு விழா வந்தது. கையெழுத்துக்கான முதற்பரிசு எனக்கு. துரையின் கையால் ஒரு தகரப் பென்சில் பெட்டி. விழா காலை பத்து மணிக்கு என்று வைத்தார்கள். பத்து மணிக்குத் தோட்டத்தில் வீட்டிலிருக்கும் பெண்கள் கிராணிமார் மனைவியர் மட்டுமே. மரம் வெட்டுகிற பெண்கள் அப்போதுதான், மேற்பார்வை செய்யும் மண்டோரின் கண்முன், கிண்ணங்களில் நிறைந்த பாலை வாளியில் சேர்க்கத் தொடங்குவார்கள்.

"வரமாட்டியாம்மா?"

"பால அப்படியே போட்டுட்டு வர முடியுமாடி? மண்டோர் என்னத் தோல உரிச்சி அதையும் நிறுத்துப் போட்டுருவான்." பிறகு என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். "மழ வந்தா வரேன். போ."

சமாதானத்துக்குச் சொன்ன வாக்கு அது. நான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன்.

தோட்டத்தில் மழைக்கென்று ஒரு சங்கு உண்டு. நீராவியால் ஊதும் ஆலைச் சங்கைத்தான் சொல்கிறேன். வேலை தொடங்க ஒரு நீண்ட ஊதல். மழை வருமுன், பால் நீரோடு கலந்து வீணாகாதபடி அரைகுறையாகவேனும் சேர்த்துக்கொண்டு ஓடிவர மூன்று குறுகிய ஊதல்கள். அந்தச் சங்கை ஊதுபவர் என் அப்பா. இஞ்சின் கொட்டகை அவர் பொறுப்பு. கொட்டகையின் பின்சுவரும் பள்ளியின் பின்சுவரும் ஒன்றையொன்று பார்த்து நின்றன.

விழா நாளன்று வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தது. பள்ளியில் துரைக்கு மாலை போட்டுவிட்டார்கள். வரவேற்புப் பாடல் தொடங்கிவிட்டது. அப்பா ஆற்றங்கரைக்கு நீரேற்றும் குழாயைப் பார்க்கப் போயிருந்தார். நான் நழுவினேன். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைக் கவிழ்த்து, மேலே ஏறி, சங்கின் சங்கிலியைப் பற்றி இழுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது முறை என் எடை முழுவதும் அதில் தொங்கியது. சங்கிலி எங்கோ கொக்கியில் சிக்கிக்கொண்டது.

சங்கு நிற்கவில்லை.

அந்த ஒலியை நான் பிறந்தது முதல் கேட்டவள். ஆனால் அது முடியாமல் நீளும் என்று அறியாதவள். தகரத்திலிருந்து குதித்தேன். சங்கிலியை ஆட்டினேன். காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். எதிரே துரை வந்துகொண்டிருந்தார்.

துரைமார் ஓடமாட்டார்கள். அது எங்களுக்குச் சூரியன் மேற்கே உதியாது என்பதுபோல் உறுதியான செய்தி. இவர் ஓடினார். கழுத்தில் செவ்வந்தி மாலை துள்ள, ஒரு காலில் மட்டும் காலணியோடு, சுண்ணாம்புபோல் வெளுத்த முகத்தோடு ஓடிவந்தார். என்னைக் கடந்து கொட்டகைக்குள் புகுந்தார். சங்கு நின்றது. ஆற்றங்கரையிலிருந்து மூச்சிரைக்க வந்த அப்பாவின் இரு தோள்களையும் பிடித்து உலுக்கினார்.

"பெராப்பா ஓராங்? பெராப்பா ஓராங்?"

எத்தனை பேர், எத்தனை பேர் என்று மலாயில் கேட்டார். எதில் எத்தனை பேர் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. ஒரு துரையின் கைகள் தம்மீது படுவதே அவருக்கு முதல் முறை.

"நாந்தாம்ப்பா இழுத்தேன்" என்றேன். "மழைக்கு."

அப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு என்னை அறைந்தார். வாழ்நாளில் அவர் என்னை அறைந்தது அந்த ஒருமுறைதான்.

அதற்குள் வெட்டுக்காட்டிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். சிலர் பாதி வாளியோடு, சிலர் வெறுங்கையோடு. தீ என்றார் ஒருவர். இஞ்சின் வெடித்தது என்றார் ஒருவர். ஒரு சிறுமி மழை வேண்டிச் சங்கு ஊதினாள் என்று தெரிந்ததும் மண்டோர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒம் மவளுக்கு டப்பா குடுக்க, இன்னிக்கிப் பால் பூரா மண்ணாப் போச்சிய்யா!"

கிராணியார் மொழிபெயர்க்க முன்வந்தார். துரை கேட்கவில்லை. பால்கொட்டகைப் பலகையின் முன்னால் போய் நின்றிருந்தார். வெற்று ஆணிகளைப் பார்த்தபடி கையால் சைகை காட்டினார்.

"எல்லாரும் வரிசையா வில்லைய மாட்டுங்க" என்றார் கிராணியார். "தொர கோவத்துல இருக்காரு. இன்னிக்கிப் பேரு இல்லாதவனுக்கு நாளைக்கி வேலையும் இல்ல." பின்னதைத் துரை சொல்லவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார்கள். பித்தளை ஆணியில் மோதும் ஒலி தொடர்ந்து எழுந்தது. சின்னம்மா மாட்டினாள். கடைசி ஆளும் மாட்டியாயிற்று. பலகை மஞ்சளாக மின்னியது. நடு வரிசையில் ஒரே ஓர் ஆணி மட்டும் வெறுமையாக நின்றது.

நான் எண்ணைப் படித்தேன். கன்னத்தின் எரிச்சல் அந்தக் கணமே நின்றுபோயிற்று.

"வீட்டுக்குப் போயிருக்கும் தொர" என்றார் மண்டோர். "இந்தப் பொம்பளைங்க இப்படித்தான். சங்கு கேட்டா நேரா அடுப்பங்கரைக்கு."

துரை வெற்று ஆணிமேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை. அம்மா மரம் வெட்டும் இடம் எங்கே என்று கேட்டார். தோட்டத்தின் கோடியில், பழைய ஈயக்குழிகளின் மேட்டில் என்றார்கள். எங்கள் தோட்டம் உண்டாகுமுன் அங்கே ஈயம் தோண்டிய சீனர்கள் விட்டுப்போன குழிகள் அவை. பெரணிச் செடி மூடிக் கிடக்கும். ஆட்கள் சுற்றுப்பாதையில்தான் போய்வருவார்கள்.

ஈயக்குழி என்ற சொல் மலாயில் அவருக்குச் சொல்லப்பட்டதும், மிஞ்சியிருந்த ஒரு காலணியையும் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கினார். இம்முறை தோட்டமே அவர் பின்னால் ஓடியது.

மேட்டில் அம்மாவின் வாளி கவிழ்ந்து கிடந்தது. வெண்மையான பால் செம்மண்ணில் ஓடி உறையத் தொடங்கியிருந்தது. அம்மா இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினோம். துரை இரு கைகளையும் உயர்த்தினார். பிறகு அவர் செய்ததை என்னால் இன்றும் மெய் சிலிர்க்காமல் நினைக்கமுடியவில்லை. இருநூறு பேரையும் வாயடைத்து நிற்கச் செய்தார். மூச்சுவிடும் ஒலிகூடக் கூடாது என்பதுபோல் உதட்டில் விரல் வைத்துக்கொண்டார். மண்டோரிடமிருந்து மரம் வெட்டும் உளியை வாங்கி, கவிழ்ந்த வாளியின் அடியில் மூன்று முறை தட்டினார். நின்றார். தலையைச் சாய்த்து மண்ணைக் கேட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு சில அடி நகர்ந்து மறுபடி தட்டினார்.

ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, பெரணிக்குள்ளிருந்து, நிலத்துக்கடியிலிருந்து, பித்தளை கல்லில் மோதும் மெல்லிய ஒலி மூன்று முறை கேட்டது.

சின்னம்மா அலறினாள். கூட்டம் குழியை நோக்கிப் பாய்ந்தது. துரை எங்களைக் கையால் பின்னுக்குத் தள்ளினார். விளிம்பு இடியும் என்று சைகை காட்டினார். பலகைகளும் கயிறும் கொண்டுவரச் செய்து, பலகைகளைக் குறுக்கே போடவைத்தார். கயிற்றைத் தம் அக்குளுக்கடியில் சுற்றி, நாங்கள் கண்டிராத ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டார்.

"தொர எறங்கக் கூடாது! வேற ஆள எறக்கலாம்!" கிராணியார் பதறினார். தமிழில் பதறியது துரைக்குப் புரியாது என்பதைக்கூட மறந்துவிட்டார்.

துரை மாலையைக் கழற்றி ஒரு மரத்தின் பால்கிண்ணக் கம்பியில் மாட்டினார். சுவரில் முதுகையும் எதிர்ச்சுவரில் பாதங்களையும் ஊன்றி, ஏணியில் இறங்குகிறவர்போல் இருட்டுக்குள் இறங்கினார். ஒரு வெள்ளைக்காரர், பால்மரம் வெட்டும் ஒரு பெண்ணைத் தேடி, நிலத்துக்குள். என் அப்பா கயிற்றின் முதல் பிடியைப் பிடித்திருந்தார்.

அம்மாவைத் தம்மோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவர் மேலே வந்தபோது, அவர் முகம் குழியின் சேற்றால் கறுத்திருந்தது. கண்களின் வெண்மை மட்டும் தெரிந்தது. அம்மாவின் வலக்கால் ஒரு பக்கமாகத் தொங்கியது. ஆனால் உயிர் இருந்தது, நினைவும் இருந்தது. முதலில் அப்பாவைத் தேடிப் பார்த்தாள்.

"இஞ்சின் வெடிச்சிருச்சின்னு நெனச்சேன்" என்றாள். "ஒங்களுக்குத்தான் என்னமோன்னு குறுக்கால ஓடியாந்தேன்."

பிறகு மூடியிருந்த கையைத் திறந்து துரையிடம் நீட்டினாள். கல்லில் தட்டித் தட்டி விளிம்பு நெளிந்த வில்லை.

"தொர, மாட்ட முடியல. மன்னிச்சிக்கங்க."

அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். லாரி வந்து அம்மாவையும் அப்பாவையும் சிரம்பான் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்லும்வரை நின்றார். லாரி வளைவில் மறைந்ததும், எங்கள் எல்லார் முன்னிலும் செம்மண்ணில் உட்கார்ந்து, முகத்தை மூடாமல், குழந்தையைப்போல் அழுதார்.

பேரச்சம் எங்களைப் பற்றிக்கொண்டது. அதுவரை நடந்த எதுவும் தராத அச்சம். அடிக்கிற துரையை, ஏசுகிற துரையைத் தோட்டம் அறியும். அழுகிற துரையை என்ன செய்வதென்று அறியாது. கிராணியார்தான் எங்களைக் காப்பாற்றினார்.

"ஒரு நாள் பால் பூரா போச்சில்ல" என்றார் தாழ்ந்த குரலில். "மொதலாளி வீட்டுப் பிள்ள. நட்டத்தத் தாங்க முடியல."

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. நானும் ஏற்றுக்கொண்டேன்.

அம்மா மூன்று மாதம் கழித்து ஊன்றுகோலோடு வந்தாள்; ஒரு கால் கடைசிவரை சற்றுக் குட்டையாகவே இருந்தது. அதுவரை அப்பா டிரங்குப் பெட்டியைக் கட்டியே வைத்திருந்தார். வேலை போனால் வீடும் போகும். ஆலை வேலைக்காரரின் மகள் செய்த குற்றத்துக்கு வேலைநீக்கச் சீட்டு எப்படியும் வரும் என்று ஒவ்வொரு காலையும் காத்திருந்தார். சீட்டு வரவில்லை. சங்கிலிக்கு ஒரு பூட்டு வந்தது. என்னிடம் சேர்க்கச் சொல்லி, என் பென்சில் பெட்டியைத் துரையே தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. மழை தூறத் தொடங்கும்போதெல்லாம், "என்னடி, ஊதிட்டியா?" என்று கேட்பாள். சாகும்வரை கேட்டாள். துரை மேலும் ஈராண்டு இருந்துவிட்டு மாற்றலாகிப் போனார். அவர் போன மறுவாரமே பலகையைக் கழற்றிவிட்டார்கள். யாரும் அதற்கு வருந்தவில்லை.

கிராணியாரை முதுமையில் சிரம்பானில் ஒருமுறை கண்டேன். நான் அப்போது ஆசிரியை. பேச்சோடு பேச்சாக, அவராகவே சொன்னார்: "அவங்க அப்பா சுரங்கத்துல கரி வெட்டுனவரும்மா. கூலி. தொர அப்படித்தான் சொன்னாரு. வெள்ளக்காரனோட அப்பன் கூலின்னு, அதுவும் நம்ம பிள்ளைங்க முன்னாடி, எனக்கு வாய் வரல. மரியாதைக் கொறைவா இருக்குமேன்னு மாத்திட்டேன்."

அதைக் கேட்டுச் சிரித்தேன். அவ்வளவுதான். அதன் பொருள் என்னை வந்தடைய மேலும் முப்பதாண்டுகள் ஆயின.

சென்ற ஆண்டு, இங்கிலாந்தில் பணிபுரியும் என் மகன், சிரம்பானை அடுத்த பாரோயிலிருந்து என்னை வரவழைத்துக்கொண்டான். சிலேட்டில் எழுதிய அந்த ஊர்ப்பெயரை அவனிடம் எழுதிக் காட்டினேன். வண்டியில் மூன்று மணி நேரம் என்றான்.

ஊரைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மலைச்சரிவில் ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், ஒரே கூரை, ஒரே கதவு, வரிசை வரிசையாக. "மா, லயம் மாதிரியே இருக்குலா" என்றான், லயத்தில் ஒரு நாளும் வாழ்ந்திராத என் மகன். சுரங்கம் மூடிப் பல்லாண்டு ஆகிவிட்டதாம். கழிவு கொட்டிய குன்றுகளில் புல் முளைத்து ஆடுகள் மேய்ந்தன. கூண்டை இறக்கி ஏற்றிய பெருஞ்சக்கரம் அசையாமல் நின்றது. தொழிலாளர்கள் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய படிப்பகம் இப்போது அருங்காட்சியகம். அதன் மாடியில் ஆடவர் சிலர் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சுரங்கம் இறங்கியவர் இல்லை. ஆனாலும் கிழமைதோறும் கூடிப் பாடுகிறார்கள் என்று, சுற்றிக்காட்ட வந்த முதியவர் சொன்னார். அவர் இறங்கியவர். கைகளில் கரித்தூள் தோலுக்குள் தங்கி நீலத் தழும்புகளாக ஓடியது.

அடுத்த அறையின் சுவரில் பலகை இருந்தது. ஆணிகள். எண்கள். பித்தளை வில்லைகள்.

நான் மகனின் கையைப் பற்றிக்கொண்டேன். "வேலைக்கு வராதவரைப் பிடிப்பதற்கா இது?" என்று முதியவரிடம் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "இல்லையம்மா. கீழே இறங்குகிறவர் வில்லையை எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்தால் மாட்டுவார். ஆணி வெறுமையாக இருந்தால், ஒருவர் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறார் என்று பொருள். நேரமல்லாத நேரத்தில் சங்கு ஊதினால் ஊரே சுரங்கவாயிலுக்கு ஓடும். பள்ளியிலிருந்து பிள்ளைகளும் ஓடுவோம். யாரும் அழமாட்டார்கள். எத்தனை பேர் என்று மட்டும் கேட்பார்கள். பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்."

எதிர்ச்சுவரில், திரும்பி வராதவர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருந்தன. துரையின் குடும்பப்பெயரைத் தேடினேன். அது ஒரு பெயராக இல்லை. பதினேழு இடங்களில் இருந்தது. இங்கே பாதிப் பேருக்கு ஒரே குடும்பப்பெயர்தான், அதனால் தொழிலைச் சேர்த்து அழைப்பது வழக்கம் என்றார் முதியவர். ஆறு முனியம்மாக்கள் இருந்த என் தோட்டத்தை நினைத்தேன். அந்தப் பதினேழில் எவர் அவருடைய தந்தை, அல்லது எவருமே இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் பள்ளியில் அவர் நெடுநேரம் பேசியபோது சொல்லியிருக்கக்கூடும். நாங்கள் கைத்தட்டினோம்.

அம்மாவை லாரியில் ஏற்றிய அன்று மாலை, சின்னம்மா வீட்டுக்குப் போகாமல் நான் இஞ்சின் கொட்டகை வாயிலில் உட்கார்ந்திருந்தேன். பால்கொட்டகையில் ஆளில்லை. துரை மட்டும் தனியே வந்தார். முகத்தின் சேற்றை இன்னும் கழுவவில்லை. சட்டைப்பையிலிருந்து நெளிந்த வில்லையை எடுத்து நாற்பத்தேழாம் ஆணியில் மாட்டினார். பிறகு முதல் ஆணிக்குப் போய், அதிலிருந்த வில்லையை ஒரு விரலால் தொட்டார். இரண்டாவதைத் தொட்டார். உதடு அசைய, ஒன்றையும் விடாமல், கடைசி வரிசை வரைக்கும் தொட்டுக்கொண்டே போனார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டாயிற்று. இத்தனை நட்டத்துக்கிடையே பித்தளையும் களவுபோயிற்றோ என்று அஞ்சுகிறார்; செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படியொரு துன்பம் என்று எண்ணிக்கொண்டேன். அருகில் போனேன்.

"ஒன்னும் காணாமப் போகல தொர" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். புரிந்ததுபோல் தலையை அசைத்தார். பிறகு மறுபடியும் முதல் ஆணியிலிருந்து தொடங்கினார்.